டயரியில் சிவப்பு மை, மளிகைக் கடையில் சரியான மீதி

பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது. தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. வகுப்பில் 42 பிள்ளைகள். இவர் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. மாமியார் கூடவே இருக்கிறார். போன வருடத்திலிருந்தே பையனின் டயரியில் வாரத்துக்கு இரண்டு முறையாவது சிவப்பு மையில் குறிப்பு வருகிறது: ‘கவனம் இல்லை. பெற்றோர் கவனிக்கவும்.’ ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்தில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, “வீட்ல சொல்லிக் கொடுக்கிறதே இல்லையா?” என்று வகுப்பாசிரியை கேட்டிருக்கிறார். இப்படியே போனால் இதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான் என்றும் சொல்லி, ‘மகனின் படிப்புக்கு முழுப் பொறுப்பும் எங்களுடையதே’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். கூடவே, சாயங்காலம் தன் வீட்டில் நடக்கும் ட்யூஷனுக்கு அனுப்பலாம் என்று அந்த ஆசிரியையே ஒரு யோசனையும் தந்திருக்கிறார்.

கணவர், “வருஷத்துக்கு அறுபதாயிரம் கட்டறோம், சொல்லித் தர்றது அவங்க வேலை” என்கிறார். மாமியார், “ரெண்டு போட்டா தானா படிப்பான்” என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட இவர் தினமும் ராத்திரி ஏழரையிலிருந்து பத்து வரை பையனோடு உட்காருகிறார். ஒரு நாள் வகுத்தல் கணக்கில் ஆத்திரம் தாங்காமல் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதற்கப்புறம் ஞாயிறு ராத்திரி வந்தால் பையனுக்கு வயிற்று வலி. ‘வேலையை விட்டுவிடட்டுமா? பள்ளியை மாற்றட்டுமா? ட்யூஷன் போடட்டுமா? தப்பு எங்கள் பேரிலா, பள்ளி பேரிலா?’ என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளைவிட, நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ‘கடைக்கு அனுப்பினால் மீதிக் காசை ஒரு ரூபாய் பிசகாமல் வாங்கி வருவான். ஒரு தடவை கடைக்காரர் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தபோது அவனே கணக்குச் சொல்லிக் கேட்டு வாங்கினான். கணக்குப் பரீட்சையில் மட்டும் ஐம்பதுக்குப் பதினொன்று.’

இருநூறு ரூபாயிலிருந்து பருப்பு விலையையும் தேங்காய் விலையையும் மனசுக்குள் கழிக்கத் தெரிந்த பையனுக்குக் கணக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நான்காம் வகுப்புக்கு வந்ததும் கணக்கு வெறும் எண்ணாக வருவதில்லை. மூன்று வரி வாக்கியமாக, அதுவும் ஆங்கிலத்தில் வருகிறது. அந்த மூன்று வரியை வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்ட பிறகுதான் வகுத்தலே தொடங்கும். உங்கள் மகன் வகுத்தலுக்கு வந்து சேருவதற்கு முன்பே வழியில் எங்கோ நின்றுவிடுகிறான் என்று நினைக்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம்.

இந்த மளிகைக் கடை விஷயம் ஆசிரியைக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வழியில்லை. அவர் பார்ப்பது பதினொன்று என்ற எண்ணை. அவன் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்காருகிறான், பலகையைப் பார்த்து எழுதுகிறானா அல்லது பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்பது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரே பிள்ளையைப் பற்றிய பாதிச் செய்தி உங்களிடம், மீதிப் பாதி அவரிடம். ஒன்றரை வருடமாக இரண்டு பாதியும் சந்திக்கவில்லை. சந்தித்ததெல்லாம் சிவப்பு மையும் உங்கள் கையெழுத்தும்தான்.

எங்கள் காலத்தில் அப்பாக்கள் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டு, “கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. பிள்ளை தேறினால் வாத்தியார் கெட்டிக்காரர், தேறாவிட்டால் பிள்ளை மக்கு. இப்போது அதே மூட்டை எதிர்த் திசையில் வருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஹோம்வொர்க், நாளைக்கு டெஸ்ட், சார்ட் பேப்பர், ஒட்ட வேண்டிய படங்கள். வகுப்பில் நடத்தி முடியாதது வீட்டுக்குப் பார்சல். அன்று நடந்ததையும் இன்று நடப்பதையும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டை தோள் மாறுகிறது, அவ்வளவுதான்.

சொல்லித் தருவது யார் வேலை?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பாடத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரை அவ்வப்போது சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். ‘கவனம் இல்லை’ என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. எதில் கவனம் இல்லை, எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் என்று சொன்னால்தான் அது மதிப்பீடு.

பெற்றோருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது கடமை என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்விக்கான வாய்ப்பைத் தருவது கடமை என்று 2002-இன் 86-ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே சேர்த்தது. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வகுத்தல் சொல்லித்தர வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே ‘நான் கடமை தவறிவிட்டேன்’ என்ற எண்ணத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

கணவர் சொல்வதில் தப்பான பாதி என்னவென்றால், பீஸ் கட்டியதும் வீட்டுக்கு வேலை இல்லை என்று நினைப்பது. தூக்கம், சாப்பாடு, பேச்சுத் துணை, ‘இன்னிக்கு என்ன நடந்துச்சு’ என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பது, பயமில்லாமல் ‘எனக்குப் புரியலை’ என்று சொல்ல ஓர் இடம், இவையெல்லாம் வீட்டில்தான் கிடைக்கும். எந்தப் பள்ளியும் பீஸ் வாங்கிக்கொண்டு இவற்றைத் தர முடியாது. பள்ளி பாடம் சொல்லித் தருகிறது. கற்றுக்கொள்ளத் தயாரான பிள்ளையை வீடு அனுப்பி வைக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. பள்ளி தயாரிப்பைக் கேட்கிறது, வீடு பாடம் நடத்துகிறது. பையனுக்கு இரண்டு டீச்சர் கிடைத்து, ஓர் அம்மா குறைந்துவிட்டார்.

ஆசிரியையின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் வகுப்பெடுத்தவள். நாற்பது நிமிட பீரியடில் 42 பிள்ளைகள் என்றால் தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஒரு நாளில் திருத்த வேண்டிய நோட்டுகளின் அடுக்கைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எளிதாக வருவது சிவப்புப் பேனாவும் ‘பெற்றோர் கவனிக்கவும்’ என்ற முத்திரையும்தான். நானும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது உதவி கேட்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. வீட்டில் அதைக் குற்றப்பத்திரிகையாகப் படித்திருப்பார்கள் என்பது பின்னால் என் மகனின் டயரி என் கைக்கு வந்தபோதுதான் உறைத்தது.

ஹோம்வொர்க் பற்றி ஒரு கணக்கு. மத்திய கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளைக்கு இல்லை, வாரத்துக்கு. உங்கள் வீட்டில் அது திங்கட்கிழமை ராத்திரியே தீர்ந்துபோய்விடுகிறது. இது வழிகாட்டுதல்தான், மீறினால் தண்டனை என்று இல்லை. ஆனால் பள்ளியோடு பேசும்போது ‘நீங்கள் கேட்பது அதிகம்’ என்று தயங்காமல் சொல்ல இது போதும்.

‘வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்’

சேர்க்கும்போது பள்ளி முதல்வர் இப்படிச் சொன்னதாகவும், அன்றிலிருந்து மாமியார் ராத்திரிக் கதை சொல்வதையே நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நடந்த பெரிய நஷ்டம் அதுதான்.

நல்ல எண்ணத்தில்தான் பள்ளிகள் இதைச் சொல்கின்றன. ஆனால் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சரளமாக வராத மொழியில் வீடு பேச ஆரம்பித்தால் என்ன ஆகிறது? ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘ஃபினிஷ் ஃபாஸ்ட்’ என்று கட்டளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ‘ஏன்’, ‘அதனால்’, ‘ஒருவேளை’, ‘அப்படின்னா’ என்று யோசிக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் வேண்டியது அந்த யோசிக்கும் பேச்சு. தன் மொழியில் அதை நன்றாகப் பழகிய பிள்ளை இன்னொரு மொழிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகும். எந்த மொழியிலும் பழகாத பிள்ளை எதைத் தூக்கிக்கொண்டு போவது?

ஆகவே பாட்டி மறுபடி கதை சொல்லட்டும். பள்ளி விட்டு வந்தது முதல் நீங்கள் வரும்வரை அவன் பாட்டியோடுதான் இருக்கிறான். அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘ரெண்டு போடு’ என்கிற மாமியாரை எதிரணியில் நிறுத்தாதீர்கள். ‘அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும்’ என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். பரணில் பல்லாங்குழி இருந்தால் எடுத்துத் துடையுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. எல்லாவற்றையும் எடுத்து எண்ணிப் பிரித்துப் போடுவதில் பெருக்கலும் வகுத்தலும் இருக்கின்றன. அவனுக்குத் தெரியாமலே நடக்கும்.

முதலில் ஒரு வாசிப்புச் சோதனை

இந்த வார இறுதியில், திட்டாமல், திருத்தாமல் ஒன்றைச் செய்து பாருங்கள். அவனுடைய நான்காம் வகுப்புத் தமிழ், ஆங்கிலப் புத்தகங்களோடு இரண்டாம் வகுப்புப் புத்தகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் அவன் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு என்ன படித்தாய் என்று அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.

தமிழை ஓரளவு சரளமாக வாசித்து, கதையையும் சொல்லி, ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் பிரச்சினை பெரும்பாலும் பாடமொழி. பயிற்சியில் சரியாகும். இரண்டையும் மெதுவாக, ஆனால் சரியாக வாசித்தால் பழக்கம் போதவில்லை, அவ்வளவே. இரண்டாம் வகுப்புத் தமிழிலேயே எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறான், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வாசிக்கிறான், வரி தாவுகிறான், எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறுகின்றன என்றால் தாமதிக்காமல் மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பத்தை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். அது அந்த வயதில் பாதி வகுப்புக்கு இருக்கும். பெரியவர்கள் பலருக்கும் இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு முன்னால் கண்ணும் காதும். இதைச் சொன்னால் ‘இவ்வளவுதானா’ என்று பார்க்கிறார்கள். பலகை மங்கலாகத் தெரிந்து, அதைச் சொல்லத் தெரியாமல், ‘கவனமில்லாத பையன்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாரிடம் போக வேண்டும் என்றில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். வயிற்று வலியையும் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பள்ளி பயத்தால் வருவது போலத்தான் தெரிகிறது. அதற்காக ‘நடிக்கிறான்’ என்று முடிவு கட்ட வேண்டாம். பயத்தால் வரும் வலியும் நிஜமாகவே வலிக்கும்.

கற்றல் குறைபாடு என்று தெரியவந்தாலும் அது புத்திக் குறைவு ஆகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பிற்பாடு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொண்ணூறுகளிலிருந்து இதற்கென்றே வேலை செய்கிறது. ஆனால் சோதனைக்கு முன்பே அந்தப் பெயரை அவன் மேல் ஒட்டிவிடாதீர்கள், கூகுளில் தேடி ராத்திரித் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபெயில், கையெழுத்து, ட்யூஷன்

நான்காம் வகுப்பில் நிறுத்தி வைப்பது என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் 5, 8 ஆகிய இரண்டு வகுப்புகளில் மட்டும் தேர்வு வைத்து நிறுத்த வழிவிட்டது. அதிலும் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு தர வேண்டும். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தபோது, எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று தமிழ்நாடு அறிவித்தது. ஒரு எச்சரிக்கை: சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று நீங்கள் எழுதவில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயத் தேர்ச்சி இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். மேல் வகுப்புக்குப் போவதும் படிக்க வருவதும் வேறு வேறு. வாசிப்பு சரியாகாமல் ஆறாம் வகுப்புக்குப் போனால் எல்லாப் பாடமும் சேர்ந்து அழுத்தும்.

அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையும் போட வேண்டாம். ‘படித்தேன். மகனின் கற்றல் பற்றி ஆசிரியரோடு பேச நேரம் கேட்டிருக்கிறோம்’ என்று கையால் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

வகுப்பாசிரியை வீட்டு ட்யூஷன் வேண்டவே வேண்டாம். ஆசிரியர்கள் தனியாக ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பகலில் 42 பேரில் ஒருவனாகப் புரியாதது, சாயங்காலம் அதே ஆள், அதே முறையில் சொன்னால் மட்டும் எப்படிப் புரியும்? மார்க் ஏறலாம். அது ஏன் ஏறியது என்ற சந்தேகமும் உங்களுக்குக் கூடவே ஏறும். இதைச் சொல்லி ஆசிரியையை மிரட்ட வேண்டாம். “அவனுக்கு இப்ப ட்யூஷன் வேணாம்னு இருக்கோம் மேடம்” என்றால் முடிந்தது. தெருக்கோடி ட்யூஷன்கள் பெரும்பாலும் மறுநாள் ஹோம்வொர்க்கை முடித்துத் தரும் இடங்கள். நோட்டு அழகாக இருக்கும், ஓட்டை அப்படியே இருக்கும். ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், நான்காம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, அவன் நிற்கும் இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லித்தரும் ஒருவரைத் தேடுங்கள். வாரம் மூன்று நாள் போதும்.

ஆசிரியையோடு இருபது நிமிடம்

பெற்றோர் கூட்டத்தில் பேசாதீர்கள். அன்று அவருக்கு இரண்டு மணி நேரத்தில் நாற்பது குடும்பம். டயரியிலேயே எழுதுங்கள்: ‘அவன் படிப்பு பற்றித் தனியாக இருபது நிமிடம் பேச வேண்டும். உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள்.’ கணவரும் கூட வரட்டும்; ஷிஃப்ட் பார்த்து நாள் கேளுங்கள். அம்மா மட்டும் போனால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது, பல பள்ளிகளில் பார்த்ததைச் சொல்கிறேன்.

போனதும், கூட்டத்தில் நாலு பேர் முன்னால் கேட்டது வருத்தமாக இருந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். சொல்லாமல் விழுங்கினால் அது இருபது நிமிடமும் தொண்டையிலேயே நிற்கும். பிறகு மூன்று கேள்வி. எந்தப் பாடத்தில், சரியாக எந்த இடத்தில் நிற்கிறான்? வகுப்பில் எங்கே உட்காருகிறான், பலகையிலிருந்து எழுதி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறான்? கேள்வியை நீங்கள் வாயால் படித்துச் சொன்னால் விடை சொல்கிறானா? மூன்றாவதுதான் முக்கியம். ‘சொல்றான், எழுதத்தான் மாட்டேங்கிறான்’ என்று அவர் சொன்னால் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று.

மளிகைக் கடை சமாச்சாரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த தடவை கடைக்குப் போய் வந்ததும், வாங்கிய சாமானையும் விலையையும் மீதியையும் அவனையே ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருக்கட்டும், திருத்தாதீர்கள். அந்தத் தாளை ஆசிரியை முன்னால் வையுங்கள். நீங்கள் பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க முடியாததை அது சொல்லிவிடும்.

கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். முன் பெஞ்ச். கணக்குக் கேள்வியை ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. வீட்டுப்பாடம் அரை மணி நேரம் வரை. அதற்குள் முடியாத இடத்தில் கோடு போட்டு நீங்கள் கையெழுத்திடுவீர்கள், அதற்குத் தண்டனை கிடையாது. உங்கள் பக்கத்திலிருந்து என்ன தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: ஒன்பதரைக்குத் தூக்கம், தினமும் பதினைந்து நிமிட வாசிப்பு, ஒரு மாதத்தில் மறுபடி சந்திப்பு. பெரும்பாலான ஆசிரியைகள் இந்த இடத்தில் இளகிவிடுவார்கள். அவர்களுக்கும் திட்டாமல் பேசும் பெற்றோர் அபூர்வம்.

இளகவில்லை என்றால் தலைமை ஆசிரியை, பிறகு தாளாளர், எழுத்தில், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு. அதற்கும் மேலே தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். பையனை அடிப்பதோ அவமானப்படுத்துவதோ நடந்தால் படிகளெல்லாம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது, நேராகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. முதல் நாளே புகாரோடு ஆரம்பித்தால், மீதமுள்ள பள்ளி ஆண்டு முழுக்க அந்த வகுப்பில் உட்காரப் போவது அவன்தான்.

வேலையை விட வேண்டாம். உங்கள் கடிதத்தின்படி வீட்டு வாடகை உங்கள் சம்பளத்தில்தான் போகிறது. விட்டால் வீட்டில் பணக்கவலையும் சேரும், ‘உனக்காகத்தான் வேலையை விட்டேன்’ என்ற வாக்கியமும் ஒருநாள் வாயில் வந்துவிடும். பள்ளி மாற்றுவதை இந்த ஆண்டு முடிவுக்குத் தள்ளி வையுங்கள். பிரச்சினை என்னவென்று தெரியாமல் மாற்றினால் அது பையோடு சேர்ந்து புதுப் பள்ளிக்கும் வரும்.

ராத்திரி நேரத்தை மாற்றி அமையுங்கள். நீங்கள் வந்ததும் நோட்டைத் திறக்க வேண்டாம். சாப்பாடு, பேச்சு, அரை மணி ஹோம்வொர்க், பிறகு படுக்கையில் அவன் வாசிக்க நீங்கள் கேட்பது, அல்லது நீங்கள் வாசிக்க அவன் கேட்பது. எளிய புத்தகம், அவன் தேர்ந்தெடுத்தது. அப்பாவுக்கு வார ஓய்வு நாள். 29சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பேரும் கடைப் பலகைகளை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டு போகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ஒரு சாயங்காலம் அங்கே. ‘பீஸ் கட்டறோம்’ என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டால் நன்றாகவே செய்வார்கள். ‘நீங்களும் கொஞ்சம் கவனிங்க’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது.

அறைந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதியதில் கால் பங்கை அவனிடம் சொன்னீர்களா? “அன்னிக்கு அம்மா அடிச்சது தப்பு. கணக்கு வரலைன்னா அது உன் தப்பு இல்ல, எங்க மாட்டுதுன்னு நாம கண்டுபிடிப்போம்.” இவ்வளவு போதும். அழ வேண்டாம், அவனைச் சமாதானம் சொல்ல வைக்க வேண்டாம்.

காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வரும். அதற்குள் கண், காது பரிசோதனையும் வாசிப்புச் சோதனையும் ஆசிரியையோடு அந்த இருபது நிமிடமும் முடிந்திருந்தால் போதும். அந்தத் தேர்வில் மார்க் ஏறியிருக்காது, எதிர்பார்க்காதீர்கள். ஞாயிறு ராத்திரி வயிற்று வலி எத்தனை வாரம் வந்தது, எத்தனை வாரம் வரவில்லை என்று மட்டும் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.